மூன்று வருஷ ஒப்பந்தம் வருவதற்கே மூன்று வருஷம்! மலை பஸ் டிரைவர், கண்டக்டர்களின் சம்பளக் கணக்கு

கச்சிராயபாளையம்:

பஸ் பத்து நிமிஷம் லேட் ஆனால் போதும். "என்னாப்பா, வண்டிய எடுக்கிறியா இல்லியா?" என்று ஸ்டாண்டே சத்தம் போடும். டிரைவர் பதில் சொல்லியாக வேண்டும். கண்டக்டர் பதில் சொல்லியாக வேண்டும். ரொம்ப லேட் என்றால் டெப்போவில் எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

அதே டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வர வேண்டிய சம்பள ஒப்பந்தம் பத்து நிமிஷம் அல்ல, ஒன்றே முக்கால் வருஷம் லேட்டாக வந்தது. அதற்கு முந்தின ஒப்பந்தமோ மூன்று வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வந்து சேர்ந்தது. இதற்கு யார், யாரிடம் எழுதிக் கொடுப்பது?

கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் திணறி ஏறி, கரியாலூர், வெள்ளிமலை என்று போகிறது அரசு பஸ். அதை ஓட்டுகிறவருக்கும், சென்னை அண்ணா சாலை நெரிசலில் மாநகர பஸ் ஓட்டுகிறவருக்கும் ஒரே ஒப்பந்தம்தான். எட்டு போக்குவரத்துக் கழகங்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் தொழிலாளர்கள். பேச்சு நடப்பது மட்டும் 200 கிலோ மீட்டருக்கு அப்பால், சென்னை குரோம்பேட்டையில்.

அங்கே மேஜையில் என்ன பேசினார்கள் என்பது இங்கே டீக்கடைக்கு வந்து சேர ஒரு மணி நேரம் கூட ஆகாது. பணம் வந்து சேரத்தான் காலம் ஆகும்.

கடைசி ஒப்பந்தம்

15-வது ஊதிய ஒப்பந்தம் 2025-ம் ஆண்டு மே 29-ந் தேதி குரோம்பேட்டையில் கையெழுத்தானது. போக்குவரத்துத் துறை அமைச்சர் சிவசங்கர் முன்னிலையில் சங்கத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 6 சதவீத உயர்வு. அதாவது ஆளுக்குத் தக்கபடி மாதம் ரூ.1,420 முதல் ரூ.6,460 வரை கூடும் என்று அறிவிப்பு வந்தது.

நல்ல சேதிதான். ஆனால் ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பர் 1 முதல்! அன்றைக்கே பேசி முடித்திருக்க வேண்டியது, 21 மாதம் கழித்து முடிந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளம் 30 ஆயிரம் ரூபாய் உள்ள ஒரு டிரைவர். 6 சதவீதம் என்றால் மாதம் ரூ.1,800. பஞ்சப்படியைச் சேர்க்காமலே 21 மாதத்துக்கு ரூ.37,800. உரிய தேதியில் கையெழுத்தாகியிருந்தால் மாதா மாதம் கைக்கு வந்திருக்கக்கூடிய பணம் இது. அந்தப் பணத்தை வெளியே இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் ரூ.756 வட்டி மட்டுமே அழ வேண்டும். பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டும் மாதத்தில் எந்த டிரைவர் எங்கே கை நீட்டினார் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வராத கணக்கு.

"பாக்கி வரும்ல? மொத்தமா வந்தா நல்லதுதானே" என்று சிலர் கேட்பதுண்டு. பழைய பாக்கி என்பது எப்போதும் பேச்சுக்கு உட்பட்டது. எந்தத் தேதியிலிருந்து கணக்கு, எத்தனை தவணை என்பதையே சங்கங்கள் போராடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மொத்தமாகக் கை நிறைய வந்ததாகச் சொல்லும் தொழிலாளியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

காலாவதிக்கு ஏழு நாள்!

15-வது ஒப்பந்தமாவது பரவாயில்லை. 14-வது ஒப்பந்தத்தின் கதை வேடிக்கையிலும் வேடிக்கை.

அரசு போக்குவரத்தில் சம்பள ஒப்பந்தம் என்றால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்பது பழைய வழக்கம். அந்தக் கணக்கில் 14-வது ஒப்பந்தம் 2019 செப்டம்பர் 1-ந் தேதி தொடங்க வேண்டும். பேச்சு இழுத்தது. கொரோனா வந்தது. 2021 பிப்ரவரி 25-ந் தேதி தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்றாம் நாள், மாதம் 1,000 ரூபாய் இடைக்கால நிவாரணம் என்ற அறிவிப்போடு பஸ் ஓடியது. அந்த மூன்று நாளுக்கு நடுவில்தான் சட்டசபைத் தேர்தல் தேதியும் அறிவிக்கப்பட்டது. பிறகு தேர்தல், ஆட்சி மாற்றம், மறுபடி முதலிலிருந்து பேச்சு.

கடைசியில் 2022 ஆகஸ்டு 24-ந் தேதி கையெழுத்து! 5 சதவீத உயர்வு.

மூன்று வருஷ ஒப்பந்தமாக இருந்திருந்தால் அது ஆகஸ்டு 31-ந் தேதியே முடிந்துபோயிருக்கும். கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் காலாவதி. அதனாலோ என்னவோ, ஒப்பந்தக் காலம் நான்கு வருஷம் என்று நீட்டப்பட்டது. "மூணு வருஷத்தை நாலு வருஷமா ஆக்கினா, எங்க வாழ்நாள்ல ஒரு ஒப்பந்தம் குறையுமே" என்பது தொழிலாளர் தரப்புக் கணக்கு. 30 வருஷம் வேலை பார்ப்பவருக்கு மூன்று வருஷக் கணக்கில் பத்து ஒப்பந்தம். நான்கு வருஷம் என்றால் ஏழோ, எட்டோ. பழையபடி மூன்று வருஷமாக்கு என்ற கோரிக்கையைச் சங்கங்கள் அடுத்த பேச்சுக்கும் தூக்கிக்கொண்டு போனது அதனால்தான்.

பின்னோக்கிப் போனாலும் இதே கதைதான். 12-வது ஒப்பந்தம் 2013 செப்டம்பரில் தொடங்க வேண்டியது. 2014 டிசம்பர் கடைசி வாரம் ஒரு வேலை நிறுத்தம் நடந்து, 2015 ஏப்ரல் 13-ந் தேதி கையெழுத்தானது. ஐந்தரை சதவீதம். ஒரு வருஷம் ஏழு மாதம் தாமதம். 13-வது ஒப்பந்தம் 2016 செப்டம்பரில் வர வேண்டியது. வந்தது 2018 ஜனவரியில். அது வந்த விதம்தான் தமிழ்நாட்டையே உலுக்கிவிட்டது.

நடுவழியில் நின்ற பஸ்கள்

2018 ஜனவரி 4. வியாழக்கிழமை. சென்னையில் அமைச்சர் விஜயபாஸ்கர் தலைமையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சங்கங்கள் கேட்டது 2.57 மடங்கு. அரசு தருவதாகச் சொன்னது 2.44 மடங்கு.

கேட்பதற்கு "புள்ளிக்குப் பின்னால் என்ன பெரிய வித்தியாசம்?" என்று தோன்றும். 10 ஆயிரம் ரூபாய் பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.44-ஆல் பெருக்கினால் ரூ.24,400. 2.57-ஆல் பெருக்கினால் ரூ.25,700. மாதம் 1,300 ரூபாய் வித்தியாசம். அதன் மேல் பஞ்சப்படி, வருஷா வருஷம் இன்கிரிமென்ட், ரிட்டையர் ஆகும்போது கிராஜுவிட்டி எல்லாம் ஏறும். இந்த 0.13-க்காகத்தான் தமிழ்நாடே நின்றது.

ஆளும் கட்சி ஆதரவுச் சங்கமான அண்ணா தொழிற்சங்கப் பேரவை உள்ளிட்ட ஒரு தரப்புச் சங்கங்கள் 2.44-க்குக் கையெழுத்துப் போட்டன. தொ.மு.ச., சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. உள்ளிட்ட சங்கங்கள் வெளியே வந்தன. அன்று மாலையே வேலை நிறுத்தம். சென்னையில் ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை நடுவழியில் இறக்கிவிட்டு பஸ்கள் நின்றன. மறுநாள் ஐகோர்ட்டு, வேலைக்குத் திரும்புங்கள் என்று உத்தரவு போட்டது. தொழிலாளர்கள் திரும்பவில்லை.

தற்காலிக டிரைவர்களை வைத்து அரசு பஸ் ஓட்டியது. பழக்கம் இல்லாத கை. பல ஊர்களில் விபத்து. சமவெளியிலேயே இந்த லட்சணம் என்றால், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று இருக்கும் மலைப் பாதையை நினைத்துப் பார்க்கலாம். மலை பஸ் ஓட்டுவதற்கு லைசென்சு மட்டும் போதாது. எந்த வளைவில் எந்த கியர், எந்த இடத்தில் ஹாரன், எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் காலும் கையும் பழகி வருவது. பொங்கலுக்கு ஆறு நாள், ஐந்து நாள் என்று எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது.

எட்டாம் நாள், ஜனவரி 11-ந் தேதி, வேலை நிறுத்தம் முடிந்தது. ஐகோர்ட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராகப் போட்டது. பொங்கலுக்கு முன்னால் ஓய்வுபெற்றவர்களின் பாக்கிக்காக 750 கோடி ரூபாய் தருவதாக முதலமைச்சர் பழனிசாமி சட்டசபையில் அறிவித்திருந்தார்.

பிடித்த பணம் எங்கே?

அந்த எட்டு நாள் போராட்டம் வெறும் 2.57-க்காக மட்டும் அல்ல. பொதுமக்கள் பலருக்கும் இது அப்போது சரியாகப் போய்ச் சேரவில்லை.

தொழிலாளியின் சம்பளத்தில் மாதா மாதம் பிடிக்கிறார்கள். வருங்கால வைப்பு நிதி, இன்சூரன்ஸ் பிரீமியம், கூட்டுறவுக் கடன் தவணை என்று பட்டியல் நீளும். பிடித்த பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், டீசலுக்கும் டயருக்கும் அன்றாடச் செலவுக்கும் போனது என்பது சங்கங்களின் குற்றச்சாட்டு. இப்படித் தொழிலாளர் பணம் 7,000 கோடி ரூபாய் நிற்கிறது என்று 2018-ல் சங்கங்கள் கணக்குச் சொல்லின. இதே பாக்கிக்காக 2017 மே 15-ந் தேதியும் பஸ் நின்றது. அப்போது 1,250 கோடி ரூபாய் தருவதாக அரசு சொல்லி, இரண்டாம் நாள் முடிவுக்கு வந்தது.

ரிட்டையர் ஆனவர் நிலைமை இதைவிட மோசம். மாலை போட்டு, போட்டோ பிடித்து, வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். கிராஜுவிட்டியும் வைப்பு நிதியும் கைக்கு வராமல் அவர் டெப்போவுக்கும் விழுப்புரம் தலைமை அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பார். இருபத்தைந்து முப்பது வருஷம் ஊர் ஜனங்களை ஏற்றி இறக்கிய மனிதர், தன் பணத்துக்காக அதே பஸ்சில் ஓரமாக உட்கார்ந்து போவார்.

பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் பஞ்சப்படி உயர்வு 2015 நவம்பரில் நின்றது. வருஷக் கணக்காக அது கிடைக்கவில்லை. 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள். கோர்ட்டு, கேசு, மேல் முறையீடு என்று அந்தப் பாதையும் மலைப் பாதை மாதிரியே வளைந்து வளைந்து போனது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கோ பழைய பென்ஷனே கிடையாது. சம்பள ஒப்பந்தம் தாமதமானால், நடுவில் ரிட்டையர் ஆனவர் பழைய சம்பளக் கணக்கில் வீட்டுக்குப் போகிறார். ஒப்பந்தம் வந்த பிறகு வித்தியாசத் தொகைக்கு அவர் மறுபடியும் கியூவில் நிற்க வேண்டும்.

இடம் மாறிய கொடிகள்

இனி சங்கங்களின் கதை. அதையும் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகப் போய்விடும்.

2018-ல் அ.தி.மு.க. ஆட்சி. அண்ணா தொழிற்சங்கப் பேரவை கையெழுத்துப் போட்டது; தி.மு.க. ஆதரவுத் தொ.மு.ச. வேலை நிறுத்தம் செய்தது. 2024 ஜனவரி 9-ந் தேதி மறுபடியும் பஸ் வேலை நிறுத்தம். இப்போது தி.மு.க. ஆட்சி. அண்ணா தொழிற்சங்கப் பேரவை வேலை நிறுத்தம் செய்தது, தொ.மு.ச. பஸ்சை ஓட்டியது! சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. இரண்டும் இரண்டு தடவையும் தெருவில் நின்றன.

கோரிக்கை என்ன பெரிதாக மாறிவிட்டது? ஊதிய ஒப்பந்தப் பேச்சைத் தொடங்கு, ஓய்வூதியருக்குப் பஞ்சப்படி கொடு, காலி இடத்தை நிரப்பு, பழைய பென்ஷன் கொடு. கொடிதான் இடம் மாறியது. அந்த வேலை நிறுத்தம் பொங்கல் நேரம் என்பதால் ஐகோர்ட்டு தலையிட்டு, மறுநாளே தள்ளிவைக்கப்பட்டது.

டெப்போ வாசலில் வரிசையாகக் கொடிக் கம்பங்கள் நிற்கும். ஒரே பஸ்சில் டிரைவர் ஒரு சங்கம், கண்டக்டர் ஒரு சங்கம். டூட்டியில் சண்டை கிடையாது. வண்டி மலை ஏறும்போது இருவருக்கும் உயிர் ஒன்றுதான். 2022 பேச்சுக்கு அழைக்கப்பட்ட சங்கங்கள் 66. அறுபத்தாறு சங்கத் தலைவர்களும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசினாலே ஐந்தரை மணி நேரம் ஓடிவிடும். பேச்சு ஏன் இழுக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டிச் சாவி கோட்டையில்

ஆனால் முக்கிய காரணம் அது அல்ல.

மேஜையில் ஒரு பக்கம் சங்கம். எதிர்ப் பக்கம் கழகங்களின் நிர்வாக இயக்குநர்கள். சட்டப்படி அவர்கள்தான் முதலாளி. ஆனால் ஒரு ரூபாய் கூட்டித் தர அவர்களால் முடியாது. பணப்பெட்டியின் சாவி கோட்டையில், நிதித் துறையிடம் இருக்கிறது. கழகத்தின் வருமானத்தைத் தீர்மானிப்பதும் கழகம் அல்ல. டிக்கெட் விலையை அரசு வைக்கிறது. 2011 நவம்பரில் ஏறிய கட்டணம் ஆறு வருஷம் அப்படியே கிடந்தது. அதற்குள் டீசல் விலை எங்கேயோ போய்விட்டது. வேலை நிறுத்தம் முடிந்து பத்து நாள் கூட ஆகாத நிலையில், 2018 ஜனவரி 20-ந் தேதி கட்டணம் ஏறியது. புறநகர் சாதாரண பஸ்சில் கிலோ மீட்டருக்கு 42 பைசா இருந்தது 60 பைசா ஆனது. மாணவர்கள் மறியல் செய்தார்கள். பிறகு 2 பைசா குறைத்து 58 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு ஏழு வருஷத்துக்கு மேல் ஏற்றவே இல்லை.

கட்டணம் ஏறாதது ஜனங்களுக்கு நல்லதுதான். சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் இலவசம். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்களே சொல்வார்கள். அதற்கான பணத்தை அரசு கழகத்துக்குத் தருகிறது. ஆனால் மொத்தக் கணக்கில் வரவுக்கும் செலவுக்கும் நடுவே பள்ளம் நிற்கிறது. அந்தப் பள்ளத்தை வருஷக் கணக்காக மூடியது தொழிலாளியின் வைப்பு நிதியும் தாமதமான சம்பள உயர்வும்தான் என்று சங்கங்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

வெளிமாநிலத்தில் இதைவிடக் கொடுமையெல்லாம் நடந்திருக்கிறது. தெலுங்கானாவில் 2019 அக்டோபர் 5-ந் தேதி ஆரம்பித்த பஸ் வேலை நிறுத்தம் 52 நாள் ஓடியது. 48 ஆயிரம் பேர். வேலைக்கு வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டதாகக் கணக்கு என்று முதல்வர் சந்திரசேகர ராவ் அறிவித்துவிட்டார். கடைசியில் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்றாலும், கேட்டது கிடைத்து உள்ளே போகவில்லை.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துச் சங்கம் வேறு மாதிரி. அங்கே ஒப்பந்தம் நள்ளிரவு 12 மணிக்கு முடிகிறது என்றால் 12 மணிக்கு முடிகிறதுதான். 1980 மார்ச் 31 நள்ளிரவு பழைய ஒப்பந்தம் முடிந்தது. ஏப்ரல் 1-ந் தேதி பஸ்சும் பாதாள ரெயிலும் நின்றன. 11 நாள். ஜனங்கள் புரூக்ளின் பாலத்தில் நடந்தே ஆபீசுக்குப் போனார்கள். மேயர் பாலத்தில் நின்று அவர்களுக்கு உற்சாகம் கொடுத்தார். அரசு ஊழியர் வேலை நிறுத்தம் செய்யக்கூடாது என்று அங்கும் சட்டம் உண்டு. 2005-ல் மறுபடி நிறுத்தியபோது சங்கத்துக்கு 25 லட்சம் டாலர் அபராதம், தலைவருக்கு 10 நாள் ஜெயில். ஆனாலும் ஒப்பந்தம் முடியும் தேதிக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கிறது. நம் ஊரில் அந்தத் தேதி வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை.

'12(3)' என்ன ஆகும்?

டெப்போவில் எந்த கண்டக்டரைக் கேட்டாலும் '12(3)' என்பார். 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு அது. நிர்வாகம், சங்கம், நடுவில் தொழிலாளர் துறை அதிகாரி என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து போடும் ஒப்பந்தம். அதன் பலம் என்னவென்றால், சங்கத்தில் சந்தா கட்டாதவரையும் அது கட்டுப்படுத்தும். பலனும் அவருக்குக் கிடைக்கும். பஸ் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் முன்கூட்டி நோட்டீசு கொடுக்காமல் வேலை நிறுத்தம் கூடாது என்பதும் அதே சட்டம்தான். சமரசப் பேச்சு நடக்கும்போதும் நிறுத்தக்கூடாது. பேச்சு இழுக்க இழுக்க, வேலை நிறுத்தம் செய்யும் கதவும் மூடியே இருக்கும். விவரம் தெரிந்த நிர்வாகத்துக்கு இது வசதி.

2025 நவம்பர் 21-ந் தேதி முதல் மத்திய அரசு அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதில் ஒரு விஷயம் மலை பஸ் கண்டக்டர் வரை பாதிக்கக்கூடியது. 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கம் இருந்தால் அது மட்டுமே பேசும். இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாமல் ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுக் குழு. நூறை இருபதால் வகுத்தால் ஐந்து. 66 சங்கம் உட்கார்ந்த மேஜையில் ஐந்துக்கு மேல் நாற்காலி கிடையாது!

பேச்சு சீக்கிரம் முடியும் என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. சின்னச் சங்கத்தில் இருக்கும் மெக்கானிக், டயர் பிரிவு ஆள்களின் குறை மேஜை வரைக்கும் போகுமா என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. மத்தியத் தொழிற்சங்கங்கள் பலவும் இந்தச் சட்டத் தொகுப்பை எதிர்க்கின்றன.

டிரிப் கட்

சரி, டிரைவர் கண்டக்டர் சம்பளம் தாமதமானால் மலை மேல் மரவள்ளி போடுகிறவருக்கு என்ன?

இருக்கிறது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை. கச்சிராயபாளையம் சாலையில் இன்று ஓடும் பஸ்சின் கழகம், 1975-ல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று தொடங்கியது. 1997-ல் எல்லாக் கழகங்களிலும் தலைவர்கள் பெயர் எடுக்கப்பட்டபோது அதன் பெயரும் மாறியது. மலைக்கு ரோடும் பஸ்சும் வந்தது அந்த வகையில் நேற்றைய சமாச்சாரம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, கடுக்காயும் தேனும் விற்க வருகிறவர் எல்லோருக்கும் அந்த ஒரு பஸ்தான். அது வரவில்லை என்றால் சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு இறங்க வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையை ஐகோர்ட்டு தாமாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை எங்கே, பஸ் எங்கே என்ற கேள்விகள் அந்த வழக்கிலும் எழுந்தன.

பஸ் இருந்தால் போதாது, ஓட்ட ஆள் வேண்டும். 2018-ல் எட்டுக் கழகங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2025-ல் அது 1 லட்சத்து 10 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. ரிட்டையர் ஆனவர் இடத்தில் ஆள் வராமல் இருக்கும் டிரைவர் டபுள் டூட்டி பார்க்கிறார். 2025 மார்ச்சில் 3,274 டிரைவர், கண்டக்டர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆள் இல்லாத நாளில் டெப்போவில் 'டிரிப் கட்'. எந்த டிரிப்பைக் கட் பண்ணுவார்கள்? கூட்டம் நெரியும் டவுன் ரூட்டையா? கலெக்ஷன் குறைந்த கிராமத்து டிரிப்தான் முதலில் போகும் என்பது ஊர் ஜனம் அறிந்த கணக்கு.

சம்பளம் சரியாக இல்லை, பாக்கி வராது, பென்ஷன் கிடையாது என்றால் ஹெவி லைசென்சு வைத்திருக்கும் இளைஞன் காலேஜ் பஸ்சுக்கோ, லாரிக்கோ போய்விடுவான். குரோம்பேட்டையில் இழுக்கும் பேச்சு, இப்படிச் சுற்றி வந்து வெள்ளிமலை ஸ்டாப்பில் நிற்கிறவரின் தலையில் விழுகிறது.

மலையில் இரவு தங்கும் பஸ் என்றால் இன்னொரு கஷ்டம். கடைசி டிரிப் ஏறி, கலெக்ஷன் எண்ணி, பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். பனிக்காலத்தில் பஸ்சுக்குள்ளே குளிர் ஊசி மாதிரி குத்தும். விடிவதற்குள் எழுந்து முதல் டிரிப். அதற்கான பேட்டா என்ன, சீருடைச் சலவைப்படி என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் சின்னச் சின்ன வரிகளாக இருக்கும். சதவீதத்தைப் பற்றித்தான் பேப்பரில் எழுதுவார்கள். ஆள்கள் முதலில் புரட்டிப் பார்ப்பதோ அந்தக் கடைசிப் பக்கங்களை!

ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் ஒரே விசாரிப்பு. "என்னாண்ணே, ஆறு பர்சன்ட் ஏறிடுச்சாமே? டீ வாங்கித் தர்றது?" என்று கேட்காத ஆள் இல்லை. மளிகைக்காரர் கடன் நோட்டைப் புரட்டி வைப்பார். சீட்டுப் பிடிப்பவர் வந்து விசாரிப்பார். சம்பளம் ஏறியது ஊர் முழுக்கத் தெரியும். ஏறிய சம்பளம் எந்த மாதச் சீட்டில் வரும், பழைய பாக்கி எத்தனை தவணையில் வரும் என்றுதான் டிரைவரும் கண்டக்டரும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குள் டைம் கீப்பர் விசில் ஊதிவிடுவார்.